நுவரெலியா: காணுமிடங்களும் கருதவேண்டியவையும்

மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்று பண்டைத் தமிழ் இலக்கண நூலார் வகுத்தனர். அந்நிலத்துக்குரிய தெய்வம், மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள்கள் எனத் தொகுத்தும் வைத்தனர். அவர் தொகுத்த அப்பட்டியலில் தேயிலைக்கு இடமில்லை. ஆயின், இன்று இலங்கையின் மத்திய மலைநாட்டைக் காணச் செல்வோர் கண்ணில் முதலிற் படுவதும், திரும்பும்வரை கண்ணைவிட்டு அகலாது நிற்பதும் தேயிலையே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அம்மலைகளிற் பயிரிடப்படாதிருந்த ஒரு செடி, இன்று அவற்றின் இயற்கை எழில் என்றே போற்றப்படுகின்றது. இயற்கை எழில் என்று நாம் கருதுவனவற்றுட் பெரும்பகுதி மனிதர் கையாற் செய்யப்பட்டது என்பதே, அவ்வட்டாரத்துக்குச் செல்வோர் மனத்திற் கொள்ளவேண்டிய முதலுண்மையாகும்.

யாழ்ப்பாணத்திலிருந்தும், மட்டக்களப்பிலிருந்தும், கொழும்பிலிருந்தும் ஆண்டுதோறும் பாடசாலை மாணவர் பலர் நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் செல்கின்றனர். ஏரியிற் படகு விடுதல், பூங்காவில் நிழற்படம் எடுத்தல், தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கிண்ணம் தேநீர் அருந்துதல் என்பவற்றோடு அவர்களது சுற்றுலா பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. இவை தவறென்று கூறுவார் இலர். எனினும், அதே நேரமும் அதே செலவுங்கொண்டு, கண்டதை அறிந்து மீளவும் இயலும். நகரைப் பற்றியும், அங்கிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் மீளத்தக்க வழிகளைப் பற்றியும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

நகரின் தோற்றம்

நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், பிதுருதலாகல மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. 2,524 மீற்றர் உயரமுடைய பிதுருதலாகலவே இலங்கையின் மிகவுயர்ந்த சிகரம். 1819 ஆம் ஆண்டில் ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் இச்சமவெளிக்கு வந்து இதன் குளிர்ந்த காலநிலையைக் குறித்துவைத்தார். பின்னர் தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் 1828 இல் இங்கு தமக்கென ஒரு மாளிகை அமைத்தார். அதுவே பிற்காலத்திற் பெருக்கப்பட்டுக் கிராண்ட் ஹொட்டேல் ஆயிற்று. வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த ஆங்கிலப் படையினர் உடல் தேறுவதற்கான நலவிடுதியாகவே இவ்வூர் முதலிற் பயன்பட்டது.

1848 ஆம் ஆண்டளவில் சாமுவேல் பேக்கர் என்பார் இங்கிலாந்திலிருந்து குடும்பத்தினரையும், தொழில் தெரிந்தோரையும், கால்நடைகளையும் கொணர்ந்து இங்கு ஓர் ஆங்கிலக் கிராமத்தை நிறுவ முயன்றார். பின்னாளில் ஆபிரிக்கா சென்று, நைல் நதியின் ஊற்றுகளைத் தேடி, 1864 இல் அல்பேட் ஏரியைக் கண்ட பேக்கரும் இவரே. இன்று நுவரெலியாவைச் சூழ்ந்து காணப்படும் லீக்ஸ், கரற், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகள் அக்காலத்து முயற்சிகளின் தொடர்ச்சியே எனலாம்.

நகரினுள் காணத்தக்கவை யாவும் நடந்து சென்று அரைநாளிற் பார்த்து முடிக்கத்தக்கன. 1852 இல் எழுந்த பரிசுத்த திரித்துவ ஆலயம், 1876 இல் தோன்றிய ஹில் கிளப், 1894 இல் செங்கல்லாற் கட்டப்பெற்ற அஞ்சலகம், விக்டோரியா மகாராணியாரின் வைர விழாவை நினைவுகூர்ந்து 1897 இற் பெயரிடப்பெற்ற விக்டோரியா பூங்கா ஆகியவை ஒன்றுக்கொன்று அண்மையிலுள்ளன. கிறகரி ஏரி எனப்படுவதும் இயற்கையான ஏரியன்று. சதுப்பாய்க் கிடந்த நிலத்தில், தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரி காலத்தில், 1873 இல் நீரைத் தேக்கி அமைக்கப்பட்ட தேக்கமே அது. குதிரைப் பந்தயத் திடலும் கொல்ப் மைதானமும் அந்நூற்றாண்டினவே. தாய்நாட்டை விட்டு வந்த ஒரு சாரார், அந்நாட்டின் சாயலை அயல்மலையொன்றில் எழுப்பிப் பார்த்த முயற்சியே இந்நகரம். அவ்வாறு எழுப்புவதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவோடு மாணவன் நகரை விட்டு வெளியேறுவானாயின், விடை வழிநெடுகக் கிடைக்கும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் மாதம் நுவரெலியாவின் விழாக்காலம். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் அப்போது நடைபெறும். தங்குமிடம் கிடைப்பதும் அரிது, கிடைப்பினும் வாடகை மிகுதி. ஆகவே மாணவர் குழுக்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே ஏற்றது. அப்பொழுது மேற்குச் சரிவுகளில் மழை குறைந்து வானம் தெளிந்திருக்கும். இரவிற் குளிர் கடுமையாதலின் கம்பளி ஆடை இன்றியமையாதது.

தென்கிழக்கு வழி: சீதா எலியாவும் ஹக்கலையும்

பதுளைக்குச் செல்லும் வீதியில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சென்றால் சீதா எலியாவை அடையலாம். ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில் அமைந்துள்ளது. இராவணனாற் சிறைவைக்கப்பட்ட சீதாபிராட்டி இருந்த அசோகவனம் இதுவே என்பதும், ஓடைப் பாறையிலுள்ள குழிகள் அனுமனின் அடிச்சுவடுகள் என்பதும் மக்கள் நம்பிக்கை. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் இக்கோயிலின் கும்பாபிஷேகம் சிறப்புற நடைபெற்றது. இந்தியாவிலிருந்து வரும் அடியார்க்கு இது இராமாயணத் தலம். சூழவுள்ள தோட்டங்களின் தமிழ் மக்களுக்கோ நாடோறும் வழிபடும் அம்மன் கோயில். மரபு கூறுவது வேறு, கல்வெட்டும் அகழ்வாய்வும் காட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலவாமலும், ஒன்றைக்கொண்டு மற்றதை இகழாமலும் நோக்கப் பழகுதற்கு இக்கோயில் மாணவர்க்கு நல்லதோர் இடமாகும்.

கோயிலைக் கடந்து சிறிது தூரத்தில் ஹக்கலைத் தாவரவியற் பூங்கா உள்ளது. இன்று ரோசா மலர்களுக்கும் பன்னங்களுக்கும் பெயர்பெற்ற இப்பூங்கா, 1861 இல் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்கும் சோதனைத் தோட்டமாகத் தொடங்கப்பட்டது. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைகளுக்குரிய அம்மரத்தின் பட்டையிலிருந்து, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைன் எடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் வெப்பநாடுகளில் ஆட்சிபுரிவதற்கு அம்மருந்து படைக்கலம் போல் வேண்டப்பட்டது. கோப்பிப் பயிர் அழிந்தபோது தோட்டக்காரர் பலர் சிங்கோனாவை நாடினர். ஆனால் எல்லாரும் ஒருங்கே பயிரிட்டமையாற் பட்டையின் விலை வீழ்ந்தது. அதன் பின்னரே தேயிலை முழு இடத்தையும் பிடித்தது. பூங்காவிலே பூவை மட்டும் பார்த்துத் திரும்பாமல், கோப்பி, சிங்கோனா, தேயிலை என்னும் மூன்று பயிர்களின் வரன்முறையை அங்கேயே மாணவருக்கு எடுத்துரைத்தல் ஆசிரியர்க்கு எளிது.

தேயிலை ஏறாத மலை: ஹோட்டன் சமவெளி

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் ஹோட்டன் சமவெளியை அடையலாம். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மொட் ஹோட்டனின் பெயரால் இது வழங்குகின்றது. 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலே புல்வெளியும் குறுமரக் காடும் கலந்து கிடக்கும் இந்நிலம் 1988 இல் தேசிய வனமாக்கப்பட்டது. 2010 இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் காடுகள் சேர்க்கப்பட்டபோது இதுவும் அதில் இடம்பெற்றது.

இதனைக் காண விழைவோர் விடியுமுன் புறப்படல் வேண்டும். முற்பகல் ஒன்பது பத்து மணிக்குமேல் மூடுபனி எழுந்து, உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பள்ளத்தை மறைத்துவிடும். உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் இணைக்கும் வட்டப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். நடப்பதற்கு மூன்று மணி நேரம் கொள்ளும். பொலித்தீன் உறைகளை வாயிலிலேயே காவலர் வாங்கிவிடுவர். மரைகள் வீதியோரத்தில் மேய்வதைக் காணலாம். அவற்றுக்கு உணவளித்தல் கூடாது.

இச்சமவெளி ஏன் தேயிலைத் தோட்டமாகவில்லை என்பது கேட்கத்தக்க வினா. 1873 இல், 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை வெட்டலாகாது என்று தாவரவியலறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர் கூறிய அறிவுரையை அரசினர் ஏற்றனர். மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டும் காடுகள் அவ்வாறு தப்பின. பனியையும் முகிலையும் இலைகளில் தடுத்து நீராக்கி மண்ணுக்குள் விடும் இயல்பு இக்காடுகளுக்கு உண்டு. தமிழ் நாட்டு நீலகிரியிற் போலவே, நீண்ட இடைவெளியிட்டுப் பூக்கும் குறிஞ்சி இனத்துச் செடிகள் இங்கும் உள. சிங்கள மக்கள் அவற்றை நெலு என்பர். தேயிலைக்கு முன் மலைநாடு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை அறிய விரும்புவோர்க்கு இச்சமவெளி ஓர் உரைகல். இதைக் கண்டபின் தோட்டங்களைக் காண்பவருக்கு, எவ்வளவு காடு எத்தனை கைகளால் அகற்றப்பட்டது என்பது தானே விளங்கும்.

புகையிரதத்தில் வருவோர் பட்டிப்பொலவைத் தாண்டும்போது வேறொன்றையுங் கவனிக்கலாம். ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள அந்நிலையமே இலங்கைப் புகையிரதப் பாதையில் மிகவுயர்ந்தது. அதற்கப்பால் ஒகியவை நோக்கிச் செல்லும் சுரங்கத்தின் ஒருபுறம் மழையும் மறுபுறம் வெயிலுமாக இருப்பதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவிற் பொழிந்துவிட்டு, ஊவாப் பக்கம் வறண்ட காற்றாய் இறங்குவதே இதற்குக் காரணம். அதனாலேயே ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளின் சிறந்த தேயிலை ஆண்டின் முதன் மாதங்களிலும், ஊவாத் தேயிலையின் சிறப்பு ஆடி, ஆவணி மாதங்களிலும் அமைகின்றன. புவியியற் பாடநூலில் ஒரு பக்கமாய் விரியும் செய்தியைச் சுரங்கம் சில நிமிடத்தில் உணர்த்திவிடும்.

வடக்கு வழி: லபுக்கலையும் இறம்பொடையும்

கண்டி வீதியில் வடக்கே இறங்கினால், லபுக்கலைத் தோட்டமும் அதன் தொழிற்சாலையும் வழியிலேயே உள. வருவோருக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவர். தோட்டத்து மக்கள் அதனை ‘ஸ்டோர்’ என்பர். பறித்த கொழுந்தைக் காற்றூட்டி வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், வெப்பத்தில் உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என ஐந்து படிகளில் தேயிலை உருவாகின்றது. மாலையிற் கொணர்ந்த கொழுந்து மறுநாளே தேயிலையாய்ப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

ஸ்டோரில் காட்டப்படாத கணக்கு ஒன்றுண்டு. மாணவரே அதனைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய அளவு பல தோட்டங்களில் 18 கிலோகிராமை ஒட்டி அமைகின்றது. குறைந்தால் ‘அரைப்பேர்’ எனப் பாதிச் சம்பளம் எழுதப்படும் வழக்கமுண்டு. 18 கிலோகிராம் கொழுந்திலிருந்து கிடைப்பது 4 கிலோகிராம் தேயிலை. கிண்ணமொன்றுக்கு இரண்டரைக் கிராம் எனக் கொண்டால், அது 1,600 கிண்ணத் தேநீர். செங்குத்தான சரிவில், மழையிலும் வெயிலிலும், முதுகிற் கூடையோடும் அட்டைக் கடியோடும் ஒரு பெண் ஒரு நாளிற் செய்யும் வேலையின் பயன் இதுவாகும். நகரத்துத் தேநீர்க் கடையில் ஒரு கிண்ணத்தின் விலையை 1,600 ஆற் பெருக்கிப் பார்த்து, அவள் பெறும் நாட்சம்பளத்தோடு ஒப்பிடுதல் மாணவர்க்குரிய பயிற்சி. இடையிலே போக்குவரத்து, வரி, பால், சீனி, வணிகர் ஆதாயம் எனப் பல செலவுகள் உள என்பதையும் மறத்தல் நன்றன்று. எனினும் எஞ்சும் வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

மேலும் இறங்கினால், 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் இறம்பொடை நீர்வீழ்ச்சியும், சின்மயா மிஷன் அமைத்து 1999 இற் குடமுழுக்காட்டிய பக்த அனுமன் கோயிலும் காட்சிதரும். கோயில் முற்றத்தில் நின்று நோக்கின் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் அங்கமாக அது 1985 இல் நிறைவெய்தியது.

அவ்வழியே புசல்லாவையைக் கடந்து, கம்பளையை அணுகும்போது பாரதெக்க என்னும் ஊர் உள்ளது. அதற்கண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்திலே, பழைய லயன் அறைகளைப் புதுக்கித் தேயிலைத் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. தோட்ட மக்கள் புழங்கிய கலங்களும், கருவிகளும், பதிவுகளும் அங்கு பேணப்படுகின்றன. சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் இதனைக் காணாமலே கண்டிக்கு விரைகின்றன. ஒரு மணி நேரம் இங்கு செலவிடுதல், ஏரியிற் செலவிடும் ஒரு மணியினும் பயனுடையது.

மேற்கு வழி: தலவாக்கலையும் ஹற்றனும்

நானுஓயாவிலிருந்து ஹற்றன் வரையுள்ள பயணத்தைச் செல்லும்போது வீதியாலும் மீளும்போது புகையிரதத்தாலும் அமைத்துக்கொள்வது நன்று. தலவாக்கலைக்கு அண்மையில் வீதியிலிருந்தே இரு நீர்வீழ்ச்சிகளைக் காணலாம். 97 மீற்றர் உயரமுடைய டெவன் ஒன்று. 80 மீற்றர் உயரமும் மிகுந்த அகலமுமுடைய சென் கிளயர் மற்றொன்று. 2012 இல் நிறைவேறிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்காகத் தலவாக்கலையில் அணை கட்டப்பட்டபோது, சென் கிளயர் வற்றிவிடும் என மக்கள் எதிர்த்தனர். பகற்பொழுதில் ஓரளவு நீரை விடுவது என்பது அதன்பின் ஏற்பட்ட ஒழுங்கு. ஆகவே இன்று அவ்வீழ்ச்சியை முழு அழகோடு காண விரும்புவோர் மாலைக்கு முன் செல்லவேண்டியவராயினர். 150 மெகாவாற் மின்சாரம் நாட்டுக்குத் தேவை, நீர்வீழ்ச்சியும் தேவை. ஒன்றைப் பெற மற்றொன்றில் எவ்வளவு இழக்கலாம் என்பதைப் பற்றி வகுப்பறையில் நடத்தும் விவாதத்துக்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

புகையிரதப் பாதையின் வரலாறும் பயிரின் வரலாறே. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இலும், நாவலப்பிட்டிக்கு 1874 இலும், ஹற்றனுக்கு 1884 இலும், நானுஓயாவுக்கு 1885 இலும் பாதை வந்தது. பதுளையை எட்டியது 1924 இலேயே. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லத் தொடங்கிய பாதை, மலையேறி முடிக்குமுன் கோப்பி அழிந்தது. 1869 இல் முதன்முறை காணப்பட்ட இலைத்துரு நோயே அவ்வழிவுக்குக் காரணம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1867 இல், ஜெயிம்ஸ் தெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தமையால் மலைநாடு மீண்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை சென்ற சிறுபாதையொன்றும் 1903 முதல் இயங்கி, 1940களில் மூடப்பட்டது.

இவ்வீதிகளையும், பாதைகளையும், சுரங்கங்களையும், தோட்டங்களையும் உண்டாக்கிய உழைப்பின் பெரும்பகுதி தமிழ் நாட்டிலிருந்து வந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், திருநெல்வேலிப் பகுதிகளிற் பஞ்சத்தாலும் கடனாலும் வாடிய மக்களைக் கங்காணிமார் திரட்டிவந்தனர். புகையிரதம் வருமுன் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தே வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். அவ்வருகையின் இருநூற்றாண்டு நினைவாக, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்றனர்.

வட்டகொடைக்கு அண்மையில் மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய கவிஞர். தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டித் தந்தவர். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டிலேயே, 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தனுப்பிய மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரின் பங்கீடு 1974 இல் முடிவாயிற்று. ஹற்றன் புகையிரத நிலையத்தில் உறவினரைப் பிரிந்து அழுதவர்களின் கதை தோட்டங்களில் இன்றும் பேசப்படும். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமை தந்தது. நிழற்படத்துக்கு அழகாய்த் தோன்றும் ஹற்றன் நிலையத்தில் இறங்கும் மாணவன் இவ்வாண்டுகளை அறிந்திருத்தல் வேண்டும். 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்து இயக்கியதும் இந்நகரிலிருந்தே.

ஹற்றனுக்கு அப்பால்

ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் வீதி, காசல்றீ, மவுசாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்களின் கரையோரமாய்ச் செல்கின்றது. இரண்டும் 1960களில் அமைந்தவை. மவுசாக்கலைத் தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் சிதைவுகள் வெளிப்படுவதும், மக்கள் அங்கு சென்று வணங்குவதும் வழக்கம்.

வீதியின் எல்லையில் உள்ளது சிவனொளிபாதமலை. உயரம் 2,243 மீற்றர். சைவர் சிவனடி என்றும், பௌத்தர் புத்தர் அடி என்றும், இஸ்லாமியர் ஆதம் நபியின் அடி என்றும் உச்சியிலுள்ள சுவட்டை வணங்குவர். 1344 இல் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதாவும் இதில் ஏறினார். மார்கழிப் பூரணைமுதல் வைகாசிப் பூரணைவரை யாத்திரைக் காலம். முன்னிரவில் ஏறத்தொடங்கி விடியலில் உச்சியை அடைவர். கதிர் எழுங்கால் மலையின் முக்கோண நிழல் மேற்கே முகில்மேல் விழுவதைக் காணலாம். ஒரு பகலில் அடங்காத பயணமாயினும், ஹற்றனில் மாலையிற் புறப்படுவோர் மறுநாள் நண்பகலில் மீளலாம்.

மாசி மாதத்திற் செல்லும் குழுவினர், தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தைக் காணத் தவறலாகாது. மன்மதன் எரிந்ததும் இரதி புலம்பியதும் ஆகிய புராணக் கதையைத் தோட்டத் தொழிலாளரே வேடந்தாங்கி ஆடுவர். தமிழ் நாட்டின் ஊர்களிலிருந்து முன்னோர் கொண்டுவந்த அக்கலை, மாரியம்மன் கோயில்களோடு சேர்ந்து, மலைச்சரிவுகளில் நிலைத்துவிட்டது.

செல்வோர் ஒழுகவேண்டிய முறை

மலைநாட்டுப் பயணத்தில் மழையும் மண்சரிவும் எண்ணப்படவேண்டியவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையால் மலைநாட்டிற் பல இடங்களில் மண் சரிந்து பலர் உயிரிழந்தனர். வீதிகளும் புகையிரதப் பாதையும் சேதமுற்றன. எனவே வழியின் நிலையைக் கேட்டறிந்த பின்னரே நாளைக் குறித்தல் வேண்டும். செங்குத்தான சரிவின் அடியிலும் மேலும் வரிசை வரிசையாய் நிற்கும் லயன்களைக் காணும்போது, அத்தகைய இரவுகளில் அவற்றுள் உறங்குவோர் நிலையையும் எண்ணல் தகும். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாய ஓரறையும் ஒரு திண்ணையும் ஒரு குடும்பத்துக்கு என அமைந்த அவ்வரிசைகளிற் பல, ஆங்கிலேயர் காலத்தன. பூண்டுலோயாவை அடுத்த டன்சினன் தோட்டத்தில், இந்திய உதவியோடு கட்டப்பட்ட 404 தனிவீடுகள் 2018 இற் கையளிக்கப்பட்டன. அவ்வாறு தனிவீடு பெற்றோர் தொகை மெல்லவே வளர்கின்றது.

கொழுந்து பறிக்கும் பெண்ணை அவளது ஒப்புதலின்றிப் படம் எடுத்தல் தகாது. அவள் வேலைநேரம் நிறையாற் கணக்கிடப்படுவது; நின்று முகங்காட்டும் ஒவ்வொரு நிமிடமும் அவள் கூடையிற் குறையும். சிறுவர்க்கு இனிப்பும் சில்லறையும் வீசுதல் அவர்களையும் கொடுப்பவரையும் தாழ்த்தும். அவர்கள் படிக்கும் பாடசாலைக்கு நூல்கள் கொண்டுசெல்லலாம். அங்குள்ள ஆசிரியரோடு முன்னரே தொடர்புகொண்டு, இரு பாடசாலை மாணவரும் ஓர் அரைநாள் கூடியிருக்க வழிசெய்யலாம். வெளிநாட்டார்க்கு இல்லாத வாய்ப்பொன்று தமிழ் மாணவர்க்கு உண்டு. வழிகாட்டியின் துணையின்றியே இம்மக்களோடு அவர் பேசலாம்.

பேசத் தொடங்குதற்கு நல்லதொரு வினா தோட்டத்தின் பெயர் பற்றியது. டன்சினன், ஹோலிறூட், எடின்பறோ, பல்மொறல் எனப் பலகைகளிற் காணப்படும் பெயர்கள் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த துரைமார் தம் ஊர் நினைவாலிட்டவை. பல தோட்டங்களுக்குத் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர்கள் வேறாக உள. சிவனொளிபாதமலையின் அடிவாரம் ஆங்கிலப் படத்தில் டல்ஹவுசி எனக் குறிக்கப்பட்டது. மக்கள் அதனை நல்லதண்ணி என்றனர். இன்று எல்லாரும் வழங்கும் பெயர் அதுவே. சுற்றுலாக் குழு ஒவ்வொன்றும் தான் கடக்கும் தோட்டங்களின் தமிழ்ப் பெயரையும், அப்பெயர் வந்த காரணத்தையும் அங்குள்ள முதியோரிடம் கேட்டு ஏட்டிற் குறித்து வருமாயின், அவை மறையுமுன் ஒரு தொகுப்பு உருவாகும். பத்துப் பாடசாலைகள் பத்தாண்டுகள் இதனைச் செய்தாற் போதும். மலைநாட்டைக் கட்டிய மக்கள் அதனை எவ்வாறு அழைத்தனர் என்பதைப் பின்வருவோர் அறிவர்.